பாலத்துக்கு அந்தப் பக்கம்

குளிர்பெட்டி வாசலில் நேராக நுழையவில்லை. கொண்டுவந்த இருவரும் அதைச் சாய்த்துப் பிடித்து, "தூக்கு, தூக்கு, கதவு இடிக்குது பார்" என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டே கூடத்துக்குள் இறக்கினார்கள். அவர்களில் மூத்தவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, போகிற வீட்டிலெல்லாம் கேட்கிற கேள்வியை இங்கேயும் கேட்டார்.

"பிளக் பாயிண்ட் எங்க சார்?"

சின்னவன் சுவரைக் காட்டினான். காட்டிய பிறகுதான் அங்கே என்ன சொருகியிருக்கிறது என்று அவனுக்கு உறைத்தது. சட்டென்று கையை இறக்கிக்கொண்டான்.

"இது வேண்டாம். வேற இடம் பாருங்க."

"கூடத்துல வேற இல்லையே சார். எக்ஸ்டென்ஷன்ல இழுத்தா பெட்டி தாங்காது, நேரா சுவத்துலதான் போடணும். அந்த வயரைப் புடுங்கிடலாமா?"

"புடுங்கக் கூடாது!"

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். காதோரம் நரைத்து, தொப்பை விழுந்து, பேரன் பேத்தி எடுக்கிற வயதை நெருங்கிவிட்ட ஆள்தான். ஆனாலும் அந்த வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்றுதான் பெயர். கட்டிலில் போர்வைக்குள் கிடந்தவன் பெரியவன். காலையில் அண்ணி காப்பியை ஆற்றிக்கொண்டு வந்து எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. அவ்வளவு அமைதியான சாவு. வெளியூரில் இருக்கும் மகள் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரைக்கும்தான் இந்தப் பெட்டி.

வயர் எங்கே போகிறது என்று எல்லோருடைய பார்வையும் அதைத் தொடர்ந்து போனது. ஒரு ஸ்டூலின் மேல் பழைய டிவி, கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. அதன் பக்கத்தில் பழுப்பேறிய வீடியோ கேம் பெட்டி ஒன்று, சிவப்பு விளக்கு எரிந்தபடி. டிவிக்கு எதிரே, சுவரில் சாய்த்து, பீரோவிலிருந்து கழற்றிய ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் ஒரு குட்டி மனிதன் மரப்பாலம் ஒன்றின் முன்னால், ஒரு காலைத் தூக்கியபடி, அசையாமல் நின்றிருந்தான்.

அந்தக் குட்டி மனிதனை அண்ணனுக்கும் தம்பிக்கும் டவுசர் போட்ட காலத்திலிருந்தே தெரியும். தொட்டதுதான் இல்லை.

அப்போது எதிர்வீடு பல் டாக்டர் வீடு. டாக்டர் மகனுக்கு அந்த விளையாட்டுப் பெட்டி வந்த நாளிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே வேலைக்கு வந்தவர்கள்போல ஆஜராகிவிடுவார்கள். டிவி ஜன்னலை ஒட்டிய சுவரில் இருந்ததால் அதன் முதுகுதான் தெரியும். டாக்டர் மகன் இவர்களைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருப்பான். அவன் தலைக்குப் பின்னால் ஒரு பீரோ, அதில் பெரிய கண்ணாடி. கண்ணாடியில் படம் முழுசாகத் தெரியும். அவன் இவர்களை விரட்டியதில்லை. உள்ளே வா என்று கூப்பிட்டதும் இல்லை.

இப்படிப் பார்த்தே பாதி விளையாட்டை மனப்பாடம் செய்தார்கள். எந்தப் பள்ளத்தில் எப்போது குதிக்க வேண்டும், எந்தக் கல்லுக்குப் பின்னால் ஓணான் இருக்கிறது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். பெரியவன் ஒரு சோப்புப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, டாக்டர் மகனின் கட்டைவிரல் போகிற மாதிரியே தன் கட்டைவிரலை ஓட்டுவான். திரையில் வரும் எழுத்துகள் மட்டும் இருவருக்கும் புரியவே இல்லை. ஏதோ வெளிநாட்டுப் பாஷை என்று பெரியவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும் என்பது, அத்தனை நாளும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மேதைகளுக்கும் தோன்றவே இல்லை.

குட்டி மனிதன் மரப்பாலத்துக்கு வந்து சேரும் நேரமும் டாக்டர் மனைவி வந்து சேரும் நேரமும் ஒன்றாகவே இருக்கும். "கொசு வருது" என்று ஜன்னலைச் சாத்திவிடுவார். ஒருநாளும் தவறியதில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது கடைசிவரைக்கும் தெரியாமலே போய்விட்டது. டாக்டர் மகனிடம் கேட்கலாம்தான். கேட்க ரோஷம் விடவில்லை.

"கோட்டைடா. கோட்டைக்குப் போறதுக்குத்தான் பாலமே போடுவாங்க" என்பான் பெரியவன்.

"இல்ல, கடல்" என்பான் சின்னவன். அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. அண்ணன் கோட்டை என்றால் அவன் வேறு எதையாவது சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்.

பந்தயம் கட்டினார்கள். தோற்றவன் ஜெயித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனைத் தபால் பெட்டி வரைக்கும் நடக்க வேண்டும். பிறகு டாக்டர் வீடு காலியானது, மீசை முளைத்தது, கல்யாணங்கள் நடந்தன. பெரியவன் பார்சல் ஆபீசில் சேர்ந்தான். சின்னவன் டிரைவிங் ஸ்கூல் வைத்தான். டாக்டர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். இருவரும் சண்டை போட்டால் மட்டும், "போடா, உன் கடல்ல போய் விழு" என்று பெரியவன் சொல்வது நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியபோது, என்ன வேண்டும் என்று கேட்ட மகளிடம் பெரியவன் அந்த விளையாட்டைத்தான் கேட்டான். அவளும் எங்கெங்கோ தேடி, பழைய சாமான் விற்கிறவரிடம் அதே பெட்டியைப் பிடித்து அனுப்பிவிட்டாள். முதல் தடவையாகக் கையில் வாங்கியபோது பெரியவனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆனால் விளையாடினால் முதல் பள்ளத்திலேயே சாவு. மறுபடி சாவு. மனப்பாடமாகத் தெரிந்த பள்ளத்தில் போய்ப் போய் விழுந்தான்.

"எல்லாம் தெரியுதுடா. கைதான் கேக்க மாட்டேங்குது" என்று நேற்று மத்தியானம் அவன் பொத்தான் பலகையைத் தள்ளி வைத்தான். சின்னவன் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தான். சுவரில் சவரக் கண்ணாடி தொங்கியது. அதற்குள் குட்டி மனிதன் இடது பக்கமாகப் பார்த்தபடி நின்றிருந்தான், சின்ன வயதில் பார்த்த அதே மாதிரி.

நாள் முழுக்க "கண்ணாடியைப் பாரு, கண்ணாடியைப் பாரு" என்று கத்திப் பிழைக்கிறவன் தலையில் அடித்துக்கொண்டான். பீரோக் கண்ணாடியைக் கழற்றினான். டிவியைத் திருப்பினான். பொத்தான் பலகையையும் தலைகீழாகத் திருப்பி அண்ணன் கையில் கொடுத்தான். எதிரே உட்கார்ந்திருந்தவனின் கையைப் பார்த்துப் படித்த கை அது, அதற்கு அப்படித்தான் தெரியும்.

முதல் பள்ளம் போனது. ஓணான் போனது. எலும்பும் தோலுமான அந்தக் கட்டைவிரல்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். இருட்டும் நேரத்தில் குட்டி மனிதன் பாலத்துக்கு வந்து சேர்ந்தான். மிச்சம் இருந்தது ஒரே ஒரு உயிர். பெரியவன் அப்படியே நிறுத்தி வைத்தான்.

"நாளைக்கு வா. சேர்ந்து தாண்டலாம்."

"இப்பவே தாண்டேன்."

"மூச்சு வாங்குதுடா. இவ்வளவு வருஷம் பொறுத்தோம், ஒரு ராத்திரி பொறுக்க மாட்டியா?"

மறுநாள் காலையில் சின்னவனுடைய மாணவர்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட். முடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனான். டெஸ்ட் நடக்கும் மைதானத்தில்தான் போன் வந்தது.

இது அந்தக் காலத்து விளையாட்டுப் பெட்டி. எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. வயரைப் பிடுங்கினால் எல்லாம் ஆரம்பத்துக்குப் போய்விடும். இன்னொரு நாள் மறுபடி விளையாடலாம்தான். ஆனால் அப்போது வருகிற குட்டி மனிதன் பெரியவன் கொண்டுவந்து நிறுத்திய ஆள் இல்லை. இந்த வீட்டில் அண்ணன் செய்த வேலை ஒன்று இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அது இந்தச் சிவப்பு விளக்குதான்.

"சார், நேரம் ஆகுது. வெயில் வேற ஏறுது" என்றார் பெட்டிக்காரர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

சின்னவன் அண்ணியைப் பார்த்தான். அவர் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்து, அடுத்த அழுகை இன்னும் வராத முகம்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். நீங்க போனப்புறம் அவரு தாண்டிட்டாரு."

"என்னது?"

"நீங்க தெரு திரும்பியிருக்க மாட்டீங்க. மனசு கேக்கல போல. என்னை அந்தப் பக்கம் திரும்பிக்கச் சொல்லிட்டு விளையாடினாரு. பாத்துட்டு ஒரே சிரிப்பு. அப்புறம் திரும்ப இங்கயே நடத்திக் கூட்டிட்டு வந்து நிறுத்திட்டாரு. 'நான் தாண்டினதை அவன்கிட்ட சொல்லிடாதே. அவன் வரட்டும், ஒண்ணும் தெரியாத மாதிரி சேர்ந்து பாக்குறேன்'னாரு."

"என்ன இருந்துச்சாம்?"

"சொல்லலை. நானும் திரும்பிப் பாக்கலை." அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "பாலத்து நடுவுல ஒரு பறவை மேல பாயுமாம். 'அதையும் சொல்லாதே, ஒருவாட்டி பதறட்டும் அவன்'னாரு. நீங்க பாத்துக் குதிச்சுக்குங்க."

சின்னவன் பெட்டிக்காரரிடம், "ஒரு அஞ்சு நிமிஷம்ணே" என்றான். கட்டிலின் ஓரத்தில், நேற்று அண்ணன் சாய்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, பொத்தான் பலகையைத் தலைகீழாகக் கையில் எடுத்தான்.

மூலையில் இருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? பொணத்துப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு விளையாட்டு கேக்குதா உனக்கு? நாலு பேரு பாத்தா காறித் துப்ப மாட்டாங்க?"

"விளையாடட்டும் அத்தை," என்றார் அண்ணி.

சின்னவன் கண்ணாடியைப் பார்த்தான். அவனுக்கு இருப்பதும் அந்த ஒரு உயிர்தான். பொத்தானை அழுத்தியதும், தூக்கிய காலைக் கீழே வைத்துக் குட்டி மனிதன் நடந்தான். பாலத்தின் பலகைகள் ஒவ்வொன்றாகப் போயின. நடுவில் மேலேயிருந்து கறுப்பாக ஒன்று இறங்கியது. சின்னவன் கண்ணை மூடிக்கொண்டு குதித்தான். திறந்தபோது பறவை போய்விட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் நடந்தான். பாலம் முடிந்தது.

கடல்.

சின்னச் சின்ன நீலக் கட்டங்களாக, மூன்றே மூன்று அலைகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. கரையில் யாரும் இல்லை. கோட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சின்னவனுக்கு, "டேய், பாத்தியாடா!" என்று கத்த வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் திரும்பிவிட்டான். போர்வை அப்படியே இருந்தது. அதற்கு மேல் அவனால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

அண்ணி கண்ணாடியைப் பார்க்கவில்லை. நேற்றுப் பெரியவன் சொன்னபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி இருக்கு?"

"கோட்டை அண்ணி." அவன் குரலைச் சரிசெய்துகொண்டான். "பெரிய கோட்டை. அண்ணன் சொன்ன மாதிரியே. ஜெயிச்சது அவன்தான்."

அண்ணி போர்வையின் ஓரம் மடங்கியிருந்ததை நீவி விட்டார்.

"அப்படியா," என்றார். "நேத்து சிரிச்சு முடிச்சுட்டு, 'இந்தத் தடியனை நான் எப்படி தூக்குவேன்'னு கேட்டாரே. எதுக்குக் கேட்டாருன்னு எனக்கு அப்போ புரியல."

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எழுந்து போய்ச் சுவரிலிருந்த வயரைத் தானே பிடுங்கினான். கண்ணாடியில் கடல் போய், கூடமும் கட்டிலும் கட்டிலோரம் அண்ணியும் தெரிந்தார்கள். பெட்டிக்காரர் தன் வயரைச் சொருகினார். குளிர்பெட்டி ஒருமுறை உதறிவிட்டு உறுமத் தொடங்கியது.

மகள் வந்து, அழுது, ஓய்ந்து, வெயில் இறங்கிய பிறகு எடுத்தார்கள். முன்பக்கம் வலது தோளைச் சின்னவன் கொடுத்தான். அண்ணன் எடையே இல்லாமல் இருந்தான். ஆனாலும் சின்னவனுக்கு இரண்டு எட்டு வைப்பதற்குள் இரைத்தது. தொப்பையும் சர்க்கரையும் உள்ள உடம்பு. பின்னால் வந்த பார்சல் ஆபீஸ்காரர் ஒருவர் முன்னால் ஓடி வந்தார்.

"சார், வேர்த்துக் கொட்டுதே. குடுங்க, நான் மாத்திக்குறேன்."

"வேண்டாம்."

"கொஞ்ச தூரம்தான் சார், அப்புறம் நீங்களே வாங்கிக்கலாம்."

"தபால் பெட்டி வரைக்கும் நான்தான்" என்றான் சின்னவன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்திலேயே நடந்து வந்தார். அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம் போனது, தையல் கடை போனது. தெருமுனை வந்தது. பெயிண்ட் உதிர்ந்த தபால் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் தோளை நீட்டிக்கொண்டு நின்றார். சின்னவன் அவரைத் தாண்டி நடந்துகொண்டிருந்தான்.