சாவுக்குப் படிக்கிறவள்

ராயபுரத்துக் கடலோரத் தெருவில் இருதயம்மாளின் கையில் புத்தகத்தைப் பார்த்தால் ஜனங்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். பக்தி ஒன்றும் இல்லை, பயம்தான். அந்தத் தெருவில் எழுத்துத் தெரிந்த பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். யாராவது உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடந்தால், அவஸ்தை என்கிற கடைசி எண்ணெய் பூசக் கோயில் சாமியார் வந்து சேருகிறவரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து சாகிறவர்களுக்கான செபத்தைப் படிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். எம்டன் கப்பல் குண்டு போட்ட வருஷம் அவள் இங்கே மருமகளாக வந்தாள். வந்த கையோடு ஒரு கிழவருக்குப் படித்தாள். அன்று பிடித்த சனியன் இன்னும் விடவில்லை. காலராவில் போனவர்களுக்கும் வைசூரியில் போனவர்களுக்கும் அவள்தான் படித்தாள். ‘சாவுக்குப் படிக்கிற இருதயம்’ என்றே பெயராகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் அவளைக் கொஞ்சம் தள்ளித்தான் உட்காரச் சொல்வார்கள்.

உனக்கு என்னம்மா படிக்கப் பிடிக்கும் என்று அவளை ஒரு மனுஷரும் கேட்டதில்லை. அவளுக்குக் கதை படிக்கப் பிடிக்கும். மாடியில் அடைத்துவைக்கப்பட்ட பெண், மாறுவேஷத்தில் வருகிற துப்பறிகிறவன், கடைசியில் விலங்கு மாட்டப்படுகிற கெட்டவன், இப்படிப்பட்ட கதைகள். யாரும் சாகாத கதையாக இருந்தால் இன்னும் விசேஷம்.

ஆனால் படிக்க இடம் வேண்டுமே. கணவன் சவரிநாதன் ஹார்பரில் மூட்டை தூக்கிவிட்டு வந்து சோற்றைத் தின்று சுருண்டுகொள்வான். அவனால் தொந்தரவு இல்லை. தொந்தரவெல்லாம் மாமியார் சிலுவையம்மாள்தான். ஒரு பக்கம் கை கால் விழுந்து முன்னறைக் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். நாக்கு மட்டும் விழவில்லை. வீட்டில் புத்தகம் திறக்கிற சத்தம் கேட்டால் போதும், தெருவையே கூட்டிவிடுவாள்.

“நான் இன்னும் உசுரோடதான் கீறேன். மூடுடி அத்த.”

இது கதைப் புத்தகம் என்று இருதயம்மாள் எத்தனையோ தடவை சொல்லிப்பார்த்தாள். கதையோ செபமோ, நீ வாயைத் திறந்தால் வீட்டுக்குள் சாவு வரும் என்று கிழவி அடித்துச் சொல்லிவிட்டாள். அம்மாவை எதற்கு இம்சை பண்ணுகிறாய் என்று சவரிநாதனும் ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டான். அதற்குப் பிறகு அவள் அடுப்புப் புகையில் கண் எரியப் படித்தாள். குழாயடி வரிசையில் குடத்துக்குப் பின்னால் மறைத்துப் படித்தாள். ஒரு கதையை முழுசாக, உட்கார்ந்த இடத்தில், யாரும் கூப்பிடாமல் படித்து முடிக்க வேண்டும். அவள் ஆண்டவனிடம் கேட்டது இவ்வளவுதான். இதற்குக்கூட ஆண்டவனைத் தொந்தரவு செய்ய வேண்டியிருந்தது.

அந்த நாள் வந்தது. பெரிய வீடு ஒன்றில் ஆயா வேலை பார்த்த ஃப்ளோரா, எஜமானியம்மாள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து அவளுடைய நாவலை முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். விளக்கு வைப்பதற்குள் புத்தகம் அலமாரிக்குத் திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்றாள்.

அன்றைக்குப் பார்த்துத்தானா குழாயில் தண்ணீர் நூல் மாதிரி ஒழுக வேண்டும்? விறகு ஈரம். துவைத்துக் காயப்போட்ட துணியில் ரயில் யார்டிலிருந்து கரித்தூள் வந்து படிந்து மறுபடியும் துவைக்கும்படி ஆயிற்று. கிழவிக்கு மூன்று தடவை துணி மாற்றினாள். புரட்டிப் படுக்கவை என்றாள் கிழவி. புரட்டினால், ஏன் புரட்டினாய் என்றாள். கஞ்சியில் உப்பில்லை, உப்புப் போட்டால் கரிக்கிறது. இருதயம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் முடித்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கிழவி வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டாள்.

வீட்டுக்குள் வெளிச்சம் வருவது முன்னறைத் தெருவாசல் வழியாக மட்டும்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள்.

ஜமீன் பங்களா மாடியில் அந்தப் பெண் ஜன்னல் கம்பியை அரத்தால் அறுத்துக்கொண்டிருந்தாள். கீழே வளையல்காரன் வேஷத்தில் துப்பறிகிறவன் வந்துவிட்டான். இருதயம்மாளுக்கு இடுப்பு வலி மறந்தது, கரித்தூள் மறந்தது, தான் யார் என்பதே மறந்தது. எவ்வளவு சந்தோஷம்! பக்கத்துக்குப் பக்கம் அவள் சந்தோஷமாக இருந்தாள். ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. அவளுக்கு மனசுக்குள் படிக்க வராது; குழாயடியில் உதட்டுக்குள் முணுமுணுத்துச் சமாளித்தவளுக்கு இன்று குரல் தானாக எழும்பிவிட்டது. அனாதை மடத்தில் கன்னியாஸ்திரீகள் ஒரே ஒரு விதமாகத்தான் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்: வரி ஆரம்பத்தில் குரலைத் தூக்கி, முடிவில் இறக்கி, நடுவில் இழுத்து. செபமானாலும் வளையல்காரனானாலும் அவள் குரலுக்கு ஒரே ராகம்.

குறட்டை நின்றிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கிழவி, நல்ல கையால் விழுந்த கையைத் தூக்கி மார்மேல் வைத்து, இரண்டையும் கூப்பியிருந்தாள்.

“வந்துட்டுதா, இருதயம்? நோவு ஒண்ணும் தெரியலியே. இப்டிதான் இருக்குமா?”

முகத்தில் கோபம் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் அவளை அந்தக் கிழவி கூப்பிட்டதில்லை. இது கதை அத்தே என்று சொல்ல இருதயம்மாள் வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்துப் போர்ஷன் ஞானபாக்கியம் மெழுகுவத்தியோடு உள்ளே வந்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் ராகத்தைக் கேட்டதுமே ஏற்றிவிட்டிருக்கிறாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பெண்கள் தலையில் முக்காட்டோடு வந்து மண்டியிட்டார்கள். ஒருத்தியின் பையன் சாமியாரைக் கூப்பிட ஓடிவிட்டானாம். அவர்களுக்குப் புத்தகம் என்றால் புத்தகம். அது எந்தப் புத்தகம் என்று பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. சாகக் கிடக்கிறவளின் பக்கத்தில் உட்கார்ந்து கதை படித்தாள் என்று தெரிந்தால் தெருவே காறித் துப்பும்.

“நிறுத்தாதே, படி,” என்றாள் ஞானபாக்கியம்.

இருதயம்மாள் படித்தாள். வளையல்காரன் படியேறினான். அவள் குரல் இறங்குகிற இடத்திலெல்லாம் பெண்கள் ‘இவளுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று ஒரே குரலில் பதில் சொன்னார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது; அதை ராகத்திலேயே இழுத்து மறைத்தாள்.

பிறகு கிழவி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். சாகிறவர்கள் கேட்பதும், நிற்பவர்கள் கொடுப்பதும் அந்தத் தெருவின் வழக்கம். ஒருவர் மறுத்தாலும் உயிர் அந்தரத்தில் தொங்கும் என்பார்கள். துணி காயப்போடும் கயிற்றுக்காக நடந்த சண்டைக்கு ஞானபாக்கியத்திடம் கேட்டாள். அவள் அழுதுகொண்டே கொடுத்தாள். அப்புறம் கிழவியின் முகம் இருதயம்மாள் பக்கம் திரும்பியது.

“நீ வந்த புதுசுல மடத்துலேர்ந்து மதர் ஆள் அனுப்ச்சாங்கோ. சின்னப் பசங்களுக்கு எழுத்து சொல்லித்தர உன்னக் கேட்டு. நீ குளத்தாண்ட துணி தொவச்சிகினு இருந்தே. அவளுக்கு இஷ்டம் இல்லியாம், வரமாட்டாளாம்னு நான் சொல்லி அனுப்ச்சிட்டேன். நீ போய்ட்டா வூட்டு வேலய யாரு செய்வான்னுதான். என்ன மன்னிச்சிடு.”

 அந்த வேலையைக் கேட்டு மடத்துத் தலைவி மதரிடம் முதலில் போனவளே இருதயம்மாள்தான். பார்த்துச் சொல்லி அனுப்புகிறேன் என்றார் மதர். வாரக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒருவரும் வரவில்லை. தான் லாயக்கில்லை என்பதை நேரே சொல்ல மதருக்கு மனசில்லை என்று நினைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் தெருவில் மதரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். போன வருஷம் மதர் செத்தபோது அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இதே மாதிரி சமயத்தில் எத்தனை பேரை அவளே அதட்டியிருக்கிறாள்! படகுத் தகராறில் அண்ணனை மன்னிக்க மாட்டேன் என்று நின்ற சுயம்புவிடம், ‘உன் மன்னிப்ப வெச்சிகினு நீ இன்னா பண்ணப்போறே? சாவறவனுக்குத்தான் அது வோணும்,’ என்று சொன்னதும் அவள்தான். சாகிறவளாயிருந்தால் சரி. இந்தக் கிழவி சாகவில்லை என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“சொல்லு இருதயம். பாவம், உசுரு தவிக்குது,” என்றாள் ஞானபாக்கியம்.

“மன்னிச்சேன், அத்தே.”

அதுவும் அதே ராகத்தில்தான் வந்தது.

சாமியார் வந்தார்; இருதயம்மாள் புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவர் எண்ணெய் பூசினார், நாடியைப் பார்த்தார். நல்லாத்தானே இருக்கிறாள் என்று முகம் சுளித்துவிட்டுப் போனார். கிழவி சாயங்காலம் ஒரு குண்டான் கஞ்சி குடித்து, தொட்டுக்கொள்ளக் கருவாடு கேட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஃப்ளோரா ஓடிவந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் தப்பித்தாளா என்று ஆசையாகக் கேட்டாள். தெரியவில்லை என்றாள் இருதயம்மாள்.

சவரிநாதனிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, அதுதான் மன்னித்துவிட்டாயே, இன்னும் என்ன பேச்சு என்றான். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்க அந்தத் தெருவில் வழக்கம் இல்லை.

நாலைந்து நாள் கழித்துக் கிழவியே கூப்பிட்டாள். இனிமேல் புத்தகத்தை ஒளித்துவைக்க வேண்டாம் என்றாள். “எனக்குத்தான் படிச்சாச்சே. இனிமே எனக்கு இன்னா பயம்? நீ பாட்டுக்குப் படி.”

ஃப்ளோராவின் எஜமானியம்மாள் படித்து முடித்துவிட்டு அந்த நாவலை அவளுக்கே கொடுத்துவிட்டாளாம். அவள் அதைக் கொண்டுவந்து, நீயே வைத்துக்கொள் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் வேலையெல்லாம் சீக்கிரமே முடிந்தது. கிழவி ஒரு தடவைகூட எதுவும் கேட்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் இருதயம்மாள் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் அவள் கேட்ட இடமும் நேரமும் புத்தகமும் எல்லாம் கிடைத்துவிட்டன.

விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். வளையல்காரன் கதவைத் திறந்தான். அடுத்த வரிக்குப் போனாள். முந்தின வரி என்ன என்று நினைவில்லை. திரும்பப் போனாள். கண்ணுக்கு முன்னால் சிலேட்டும் கையுமாகச் சின்னப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதே வரியை மறுபடியும் படித்தாள். அந்த நாளில் போலவே தெருமுனையில் மதர் அவளைப் பார்த்துச் சிரிக்க வந்து, அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கிழவி கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நல்லா கீது இருதயம். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா மாரி படிக்கிறே.”

இருதயம்மாள் பக்கத்தைப் புரட்டினாள். புரட்டிய பக்கத்தில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.