ஜெயம் பேசாத பேச்சு

தன் குரல் வரும் செல்போன் கேம் வெளியாகும் என்று சொல்லியிருந்த வியாழக்கிழமையன்று, ஜெயம் அரை மணி நேரம் முன்னதாகவே விழுப்புரம் பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டாள். நல்ல புடவையாக எடுத்துக் கட்டியிருந்தாள். யாரும் தன்னைப் பார்க்கப்போவதில்லை, கேட்கத்தான் போகிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கட்டியிருந்தாள்.

பத்தொன்பது வருடமாக அங்கே அறிவிப்பு அறையில் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, கிடைத்த பை யாருடையது, துணிக்கடைத் தள்ளுபடி எந்தத் தேதி வரை, எல்லாம் அவள் குரலில்தான் வெளியே போகும். மளிகைக் கடையில் நின்று அரைக் கிலோ உளுந்து கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். "பஸ் ஸ்டாண்டு அம்மாவா நீங்க?" என்பார். அந்தக் கேள்வி அவளுக்கு ஒருநாளும் சலித்ததில்லை.

நான்கு வருடம் முன்பு திண்டிவனத்திலிருந்து அரிபிரசாத் என்ற இளைஞன் அவளைத் தேடிவந்தான். என்ஜினியரிங் படித்தவன். நம்ம ஊர் பஸ்களை வைத்தே ஒரு கேம் செய்யப்போவதாகச் சொன்னான். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, விழுப்புரத்தில் எடுத்து விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனம் வரை செல்போனிலேயே பஸ் ஓட்டலாம். இதைப்போல நாற்பது ரூட். செலவுக்குப் பெரிய முதலாளி யாரும் இல்லை. இணையத்தில் ஒரு பக்கம் திறந்து, ஆசைப்படுகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள், கேம் வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் என்று கேட்டிருந்தான். ஊர் பேர் தெரியாத ஆயிரத்தெண்ணூறு பேர் போட்டிருந்தார்கள்.

"அக்கா, கேமுக்குள்ள பஸ் ஸ்டாண்டு வருது. அங்க உங்க குரல் இல்லன்னா அது விழுப்புரமே கெடயாது" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு ஜெயம் மயங்கிவிட்டாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, அவன் நீட்டிய தாளையெல்லாம் படித்தாள். காசு வாங்கவில்லை. அதோடு தானும் ஒரு பங்கு போட்டாள். நேரக் காப்பாளர் ராஜாமணியையும் போடவைத்தாள். ராஜாமணி இருபது வருடம் வண்டி ஓட்டியவர். முட்டி தேய்ந்துபோனதால் ஸ்டியரிங்கை விட்டு, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பவர்.

"இனிமே போன்லயாவது ஓட்டிக்கினு இருப்பேன்மா" என்று சிரித்துக்கொண்டேதான் அவரும் போட்டார்.

ஒரு வருடத்தில் வரும் என்றது இரண்டாயிற்று, மூன்றாயிற்று. அடுத்த பொங்கலுக்கு, அடுத்த தீபாவளிக்கு என்று அரிபிரசாத் எழுதிக்கொண்டே இருந்தான். ஜெயம் அதையெல்லாம் நம்பினாள். பூக்காரி முனியம்மாளிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். இன்று வந்தேவிட்டது.

காலை பதினோரு மணிக்கு அறிவிப்பு அறையில் காலெடுத்துவைக்க இடமில்லை. ராஜாமணி தன் போனில் கேமைத் திறந்தார். இரண்டு கையாலும் போனைப் பிடித்த பிடியிலேயே பழைய டிரைவர் தெரிந்தார். திரையில் பஸ் ஸ்டாண்டு வந்தது. வெளிறிப்போய், ஆளே இல்லாமல் இருந்தாலும் பஸ் ஸ்டாண்டுதான்.

"நாங்க மட்டும் கேட்டா போதுமா? மைக்ல வையி ஜெயம்மா. ஊரே கேக்கட்டும்" என்றார் ராஜாமணி.

ஜெயத்துக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. ஆசை ஜெயித்தது. சுவிட்சைப் போட்டு, ராஜாமணியின் போனுக்குப் பக்கத்தில் மைக்கை இழுத்துவைத்தாள்.

"அன்பான பயணிகளே, விழுப்புரத்திலிருந்து விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு மார்க்கமாகத் திண்டிவனம் செல்லும் பேருந்து இரண்டாவது தடத்தில் புறப்படத் தயாராக உள்ளது."

நிலையம் முழுக்க அவள் குரல். வெளியே யாரோ விசில் அடித்தார்கள். முனியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

ராஜாமணி வண்டியை எடுத்தார். திருப்பத்தில் பிரேக் பிடிக்கவில்லை. பஸ் போய் ஒரு தூணில் இடித்தது.

"டேய் சாவுகிராக்கி, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்றது அதே குரல்.

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ராஜாமணி பதற்றத்தில் எதையோ தொட, பஸ் மறுபடியும் இடித்தது.

"உன்ன நம்பி நாலு வருசம் காத்துக்கினு இருந்தேன் பாரு, என்ன செருப்பால அடிக்கணும்டா. நீயெல்லாம் நாசமாத்தான் போவ."

அதற்கடுத்து, ராஜாமணியின் அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை வந்தது. பெண்கள் இருக்குமிடத்தில் குடிகாரன்கூடச் சொல்லத் தயங்கும் வார்த்தை. ஜெயத்தின் குரலில், அவள் 'பயணிகளே' என்று நீட்டும் அதே இழுப்போடு, சேலம் வண்டிக்கும் திருவண்ணாமலை வண்டிக்கும் காத்திருந்த நூற்றுக்கணக்கான பேர் தலைக்கு மேல் அது கணீரென்று விழுந்தது.

மைக் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று ஜெயத்துக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருடமாகத் தினம் தொட்ட சுவிட்ச். கை மேசையைத் தடவிக்கொண்டே இருந்தது. முனியம்மாள்தான் எட்டிச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

ராஜாமணி போனைக் கவிழ்த்து வைத்தார். "இன்னாம்மா இது?" என்றார். ஜெயத்துக்குச் சொந்தக் குரல் எழும்பவே மாட்டேனென்றது.

பத்து நிமிடத்தில் அறிவிப்பு அறையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் போன் செய்தார். கத்தவில்லை. "ஒரு வாரம் வூட்ல இரும்மா. அப்பறம் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கும் அவள் கணவர் வீரமுத்துவுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"இதெல்லாம் எப்ப பேசிக் குடுத்த?"

சோற்றைப் போட்டுக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றது. இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதர். அவளுக்கு அந்த வார்த்தை வாயில் வருமா வராதா என்று அவருக்கே சந்தேகம். மைக்கில் கேட்டதைவிட இது அவளை உலுக்கிவிட்டது.

"நான் பேசலைங்க" என்றாள்.

"உன் குரல்தானே?"

"என் குரல்தான். நான் பேசலை."

அவர் தலையாட்டினார். புரிந்து ஆட்டியது போலத் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக ஜெயம் திண்டிவனம் வண்டியில் ஏறினாள். அரிபிரசாத் முன்பு அனுப்பியிருந்த நன்றிக் கடிதத்தில் விலாசம் இருந்தது. மரக்காணம் சாலையில் கடலை மூட்டை அடுக்கிய ஒரு மல்லாட்டை மண்டிக்கு மேலே, மாடி அறை. நாலு பேர் உட்கார்ந்து வேலை செய்த அறை என்று நான்கு நாற்காலிகளைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு கம்ப்யூட்டர்தான் மிச்சம். அதன் முன்னால் அவன் தாடியும் எலும்புமாக இருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தவன் பின்னால் சுவரில் போய் முட்டிக்கொண்டான்.

"அக்கா…"

அடிக்க வேண்டுமென்று நினைத்துத்தான் வந்திருந்தாள். வழியெல்லாம் கை துறுதுறுத்தது. இப்போது கேள்விதான் வந்தது. "நான் அப்பிடி எப்பப்பா பேசினேன்?"

"நீங்க பேசலக்கா. நீங்க குடுத்த ரெக்கார்டிங்க கம்ப்யூட்டர்ல போட்டா அது உங்க குரல கத்துக்கினு, நாம எத எழுதினாலும் உங்கள மாரியே பேசும். ரூட்டு பேரெல்லாம் அப்பிடித்தான் பண்ணோம். உங்கள திரும்பத் திரும்ப கூப்பிட காசு இல்ல."

"கெட்ட வார்த்தைய எழுதினது யாரு?"

அவன் குனிந்து கீபோர்டைப் பார்த்தான்.

"நீயாப்பா?"

"டைப் பண்ணது நான்தான்."

ஜெயம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தக் கேமைக் காட்டு. முழுசாக் காட்டு" என்றாள்.

அவன் காட்டினான். சத்தத்தை நிறுத்திவிட்டுக் காட்டினான். பஸ் நிலையத்தைவிட்டு வெளியே வந்தது. ரோட்டில் வேறு வண்டியே இல்லை. ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி வீடு. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் ரோடு அறுந்துபோயிருந்தது. அதற்கப்பால் வெறும் சாம்பல் நிறம். பஸ் நிற்காமல் அதற்குள் போய்த் தலைகீழாக விழுந்துகொண்டே இருந்தது.

"திண்டிவனம் எங்கப்பா?"

"இல்லக்கா."

"கூட்டேரிப்பட்டு?"

"அதுவும் இல்ல. நாப்பது ரூட்டுல அரை ரூட்டுதான் முடிஞ்சுது. அதுக்குள்ள காசு காலி. கூட இருந்த மூணு பேரும் வேலைக்குப் போயிட்டாங்க."

உள்ளூர்க்காரன். ஜன்னலைத் திறந்தால் திண்டிவனம். நான்கு வருடத்தில் அவனால் தன் ஊர் வரைக்கும்கூட வந்து சேரமுடியவில்லை. ஜெயத்துக்குக் கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுபோனது.

"முடியலன்னு அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்ல பயமா இருந்துச்சுக்கா. இதப் பாருங்க." அவன் வேறொரு பக்கத்தைத் திறந்தான். பணம் போட்டவர்கள் அவனுக்கு எழுதியவை. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன. ஜெயம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். டேய் சாவுகிராக்கி. உன்ன நம்பி நாலு வருசம் காத்துக்கினு இருந்தேன் பாரு. நீயெல்லாம் நாசமாத்தான் போவ. கமா, புள்ளி மாறாமல் நேற்று மைக்கில் கேட்டவை.

"ரெண்டு வருசமா தினமும் இதத்தான் படிச்சிக்கினு இருக்கேன். கடைசி வாரம் எல்லாத்தயும் முடிச்சு அனுப்பணும். அப்ப ஒரு வெறி. எனக்குக் குடுத்தத அவங்களுக்கே திருப்பிக் குடுக்கலாம்னு வண்டி இடிச்சா வர்ற மாரி வச்சிட்டேன். கேமுக்குள்ள இருந்த ஒரே குரல் உங்களுது. அது உங்க வாயில இருந்து வரும்னு எனக்கு அப்ப தோணவே இல்லக்கா. சத்தியமா தோணல."

அவன் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பட்டியலின் நடுவில் அவள் கண் நின்றுவிட்டது. அம்மாவைச் சேர்த்த அந்த வார்த்தை. அதற்கு மேல், எழுதியவர் பெயர்: ராஜாமணி, விழுப்புரம். பக்கத்தில் சின்னதாக ஒரு படம். காக்கிச் சட்டையில், பஸ் முன்னால் நின்று சிரிக்கும் ராஜாமணி.

அந்த மனிதர் டீ வாங்கினால் அவளுக்கும் ஒன்று சேர்த்து வாங்குவார். காசு தொலைத்துவிட்டு அழும் பயணிக்குத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். ஜெயம் அந்தப் பெயரை மூன்று தடவை படித்தாள்.

"அழிச்சிடுப்பா" என்றாள். "என் குரலு மொத்தமும். நல்ல பேச்சு, கெட்ட பேச்சு எதுவும் வேணாம்."

அவன் மறுபேச்சில்லாமல் அவள் கண்ணெதிரிலேயே அழித்தான். ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்கள் போனில் இருப்பதை எடுக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னான். பிறகு, அந்தப் பக்கத்தில் போடச் சொல்லி ஜெயம் தன் சொந்த வாயால் நாலு வரி பேசிக் கொடுத்தாள். நான்தான் ஜெயம், கேமில் வந்ததை நான் பேசவில்லை என்று. போட்ட ஐந்து நிமிடத்துக்குள் கீழே பதில்கள் வந்தன. இதுவும் மிஷின்தான், செமயா பண்ணியிருக்கான், என்று ஒருவர் எழுதியிருந்தார். முப்பது பேர் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள். ஜெயம் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கிளம்பும்போது, "முடியலன்னு எழுதிப் போட்டுடு. இதுக்கு மேல திட்ட அவங்ககிட்ட என்ன இருக்கு?" என்றாள். அரிபிரசாத் அன்று சாயங்காலமே அதை எழுதிப் போட்டான். அடுத்த மாதம் சென்னையில் ஏதோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான்.

விழுப்புரத்தில் இறங்கியபோது மத்தியானம் இரண்டு மணி. ராஜாமணி நேரக் காப்பாளர் அறையில்தான் இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அவன புடிச்சியா? ரெண்டு அறை வுட்டியா?"

"புடிச்சேன்ணே."

"யாரு எழுதினானாம் அந்தக் கண்றாவிய?"

"நீங்கதாண்ணே."

அவர் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. போன வருடம் தீபாவளிக்கு வரும் என்ற கேம் வராத அன்று எழுதியது என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நோட்டை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார்.

"அது அவனுக்கு எழுதினது ஜெயம்மா. முட்டி போனதுலேருந்து அந்த ஒண்ணத்தான் பாத்துக்கினு இருந்தேன். ஏமாத்திட்டான்னு ஒரு பேஜாரு… உனக்கு எழுதல."

"என் அண்ணன் மாரி நெனச்சிக்கினு இருந்தேன். அந்த வார்த்த உங்களுக்கு வரும்னே எனக்குத் தெரியாதுண்ணே."

சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அவர் பின்னால் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

அன்றைக்கே ராஜாமணி குத்தகைக்காரர் வீட்டுக்கு நேரில் போய், மைக்கில் வைக்கச் சொன்னதும் தான், அந்த வார்த்தையை எழுதியதும் தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். வீரமுத்துவிடமும் வந்து சொன்னார். வீரமுத்து அவரைத் தின்ன வருவது போலப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஜெயத்தின் எதிரில் நின்றார். "நான் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

திங்கட்கிழமை அவளை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மைக் முன்னால் உட்கார்ந்து, காலை எட்டு மணிக் கடலூர் வண்டிக்கான தாளை எடுத்தாள். வெளியே கல்லூரிக்குப் போகும் நாலு பேர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அவள் திட்டுவதற்காகக் காத்திருந்தார்கள். ஜெயம் தாளை ஒரு தடவை மனசுக்குள் படித்துப் பார்த்துக்கொண்டாள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளைப்போல. பிறகு சுவிட்சைப் போட்டு, கடலூர் வண்டி எங்கே நிற்கிறதென்று சொன்னாள்.