சட்டைப் பையில் இருந்த பெர்மிட்

கூடத்துத் தரையில் பத்மாவதி மூன்றாவது வாளி மஞ்சள் தண்ணீரைக் கொட்டியபோது டெலிபோன் அடித்தது. அப்பாவை எடுத்துக்கொண்டு போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஆண்கள் எல்லோரும் சவ வண்டியோடு போய்விட்டார்கள். பெண்கள் தலைமுழுகிவிட்டு வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வெளியே அக்டோபர் மழை விட்டபாடில்லை. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர்.

"பத்மாவா? ஆம்பளைங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?" சித்தப்பா கந்தப்புவின் குரல்.

"எல்லாரும் உங்ககூடத்தானே வந்தாங்க. என்ன சித்தப்பா?"

"பெர்மிட்ட விட்டுட்டு வந்துட்டோம். ஜெயராஜ் சட்டப் பாக்கெட்டுல வச்சிருந்தானாம்."

ஜெயராஜ் சித்தப்பாவின் மகன். அப்பா விநாசித்தம்பிக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்கும் பொறுப்பு அவனுக்கு வந்தது. காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பெர்மிட் வாங்கி வந்தவனும் அவன்தான். கிரியைக்கு உட்காரும்போது சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேட்டி கட்டிக்கொண்டான். வெறும் மேலோடு சுடுகாட்டுக்குப் போனவனுக்குச் சட்டைப் பை நினைவு எங்கே வரும்?

"பெர்மிட் இல்லாம நெருப்பு வைக்க விடமாட்டேங்குறாரு காவல்காரர். ஆறு மணி வரைக்கும்தான் டைம். பேராக் ரோடு பூரா தண்ணி, கெரெத்தா, லாரி ஒரு வண்டியும் திரும்பி வர முடியாது. இல்லாட்டி அண்ணன ராத்திரி இங்கயே கொட்டகையில..."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து பதினைந்து. பத்மாவதி குளியலறைக்கு ஓடினாள். அங்கே அப்பாவின் தங்கை யோகம்மா சவர்க்காரத் தூள் போட்ட வாளிக்குள் துணிகளை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமி, ஜெயராஜ் சட்ட எங்க?"

"செத்த வீட்டுத் துணியெல்லாம் உடனே நனைக்கணும். இப்பத்தான் போட்டேன்."

பத்மாவதி வாளிக்குள் கையை விட்டுச் சட்டையை இழுத்தாள். பையில் நான்காக மடித்த தாள். ஓரங்கள் ஊறியிருந்தன. முத்திரையின் நீலம் கொஞ்சம் பரவியிருந்தது, ஆனால் அப்பாவின் பெயரும் எண்ணும் தெளிவாகவே இருந்தன.

விஷயத்தைக் கேட்டதும் யோகம்மா மாமி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, வாசல் தாண்டின பிரேதம் திரும்பி வரக் கூடாதே! பக்கத்து வீட்டுல மோட்டார் சைக்கிள் இருக்குமே, கேளுலா."

"முழங்கால் தண்ணியில என்ஜின் செத்துடும் மாமி. மூணு கிலோமீட்டர்தான். நான் ஓடுறேன்."

"நீயா? பொம்பளப் புள்ள சுடலைக்குப் போறதா?"

"அப்பா திரும்பி வரவும் கூடாது, நான் போகவும் கூடாது. ரெண்டுல ஒண்ண மட்டும் சொல்லுங்க மாமி."

அம்மா ஞானாம்பிகை அதுவரை சுவரோரம் நனைந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். இப்போது எழுந்து சமையலறைக்குப் போனாள். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து, தாளை அதற்குள் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, ரப்பர் வளையத்தை மூன்று சுற்றுச் சுற்றி மகளிடம் கொடுத்தாள்.

பத்மாவதி ஓடினாள்.

முப்பத்திரண்டு வயதில், கல்யாணமாகாத ஒரு பேங்க் கிளார்க் விடிகாலையில் தண்ணீர்மலை அடிவாரம் வரை ஓடுகிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று அவளும் விட்டுவிட்டாள். அவளுக்குத் தொல்லை ஊர் அல்ல, மழைதான். ஒவ்வொரு வருஷமும் செப்டம்பரில் மழை பிடிக்கும், ஓட்டம் நின்றுபோகும், ஜனவரியில் பழையபடி மூச்சு வாங்கிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த வருஷம் நிறுத்தப்போவதில்லை என்று முடிவு செய்து, ஜெலுத்தோங் சமூகக் கூடத்தின் ஜிம்மில் சேர்ந்தாள். அங்கே ஓடுவதற்கு ஒரே ஒரு மெஷின். மற்றபடி இரும்பு தூக்கும் ஆண்கள்.

"ரோட்டுல ஓடினா நாலு பேர் பாப்பான், அங்க நாப்பது பேர் பாப்பான்," என்றார் அப்பா. அவள் போனாள். இரண்டாம் நாள் குடையும் பத்திரிகையுமாக அவரும் பின்னாலேயே வந்தார். மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, இரும்புக்காரர்களை மறைத்துக்கொண்டு சுவர் மாதிரி உட்கார்ந்தார். மூன்றாவது வாரம், மெஷின் கிறீச்சிடுவதால் படிக்க முடியவில்லை என்று ஜிம்மைப் பார்த்துக்கொள்ளும் சீனி முகம்மதுவிடம் சண்டை போட்டு எண்ணெய் விட வைத்தார். அவள் அரை மணி ஓடிவிட்டு இறங்கப் பார்த்தால், "இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடு, தலையங்கம் முடியல," என்பார். நேற்றுக் காலையில் பல் விளக்கப் போனவர், அங்கேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

இந்த நினைப்பு வந்ததும் அழுகை முட்டியது. அழுதால் மூச்சு போய்விடும். பிறகு அழலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மெஷினில் கால் வைக்கும் இடம் தெரியும். இங்கே தண்ணீருக்குள் குழியா, கால்வாயா, ஒன்றும் தெரியவில்லை. நின்றுபோன வண்டிகளுக்குள்ளிருந்து ஜனங்கள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். துக்க வீட்டு வெள்ளைச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். பிளாஸ்டிக் பை ரவிக்கைக்குள் இருந்தது. ஒரு தடவை விழுந்தாள். எழுந்து முதலில் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சமூகக் கூடத்துப் படியில் சீனி முகம்மது நின்றிருந்தார். காலையில்தான் செத்த வீட்டுக்கு வந்து போயிருந்தார்.

"பத்மா! என்னலா இது?"

"பெர்மிட்டுண்ணே! ஆறு மணிக்குள்ள பத்து லஞ்சாங் சுடலைக்குப் போவணும்!"

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையில் இறங்கி, இரண்டு கைகளையும் விரித்து, தண்ணீரை அலையாய்த் தள்ளிக்கொண்டு வந்த லாரியை நடுரோட்டில் நிறுத்தினார். லாரிக்காரன் மலாயில் கத்தினான். அவர் அதைவிடப் பெரிதாகக் கத்தினார்.

"நீ போ! மூச்ச மூக்கால இழு! போ!"

பத்து லஞ்சாங்கில் மேடு ஏறியது. அங்கே தண்ணீர் இல்லை, ஆனால் காலில் பலமும் இல்லை. நடந்தால் என்ன என்று ஒரு மனது கேட்டது. கொட்டகையில் விடியும்வரை தனியாகக் கிடக்கும் அப்பாவை நினைத்தாள். அவரை அங்கே விட மாட்டேன், நடக்கவும் மாட்டேன் என்று ஓடினாள்.

சுடலை வாசலில் ஆண்கள் குடைகளோடு கும்பலாக நின்றிருந்தார்கள். அவளைக் கண்டதும் வழிவிட்டார்கள். அவள் காவல்காரர் முன்னால் பையை நீட்டினாள். அவர் ரப்பர் வளையத்தைக் கழற்றி, தாளை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பரவியிருந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"சரி. நேரம் இருக்கு, ஆரம்பிங்க," என்றார்.

அப்போது ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

ஜெயராஜ் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றான். "அக்கா, நான்..."

"விடு தம்பி. ஆகிறதப் பாரு."

சித்தப்பா அருகில் வந்தார். அவர் கண் சிவந்திருந்தது. "பெரிய காரியம் பண்ணிட்டம்மா. இனி நீ கேட் பக்கம் போய் நில்லு. பொம்பளைங்க பாக்கக் கூடாது."

"அங்க நிக்க மாட்டேன் சித்தப்பா," என்றாள் பத்மாவதி. அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தும் அளவுக்கு மூச்சும் இல்லை.

சித்தப்பா ஐயரைப் பார்த்தார். ஐயர் மழையைப் பார்த்தார்.

வாய்க்கரிசித் தட்டு கை மாறிப் போனது. சித்தப்பா போட்டார், ஜெயராஜ் போட்டான், அப்பாவோடு வேலை செய்த துறைமுக ஆபீஸ் நண்பர்கள் ஒவ்வொருவராகப் போட்டார்கள்.

"முகத்த மூடப் போறோம். வேற யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஐயர் வழக்கம்போலக் கேட்டார்.

பத்மாவதி போய்த் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். அப்பாவின் உதட்டுக்கு மேல் கையைக் கவிழ்த்தாள். ஈரக் கை, அரிசி விழவில்லை, உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாகத் தள்ளிவிட்டாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.