லாயக் கதவு

எங்கள் லாயத்தில் சாட்டை கிடையாது. குதிரையை அடித்துப் பழக்குகிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி இரண்டு பேரை வேலையை விட்டே துரத்தியிருக்கிறேன். எங்கள் பெண்குதிரை செம்பி பிறந்த வாரமே தாயைப் பறிகொடுத்தவள். புட்டிப்பால் கொடுத்து, குரலாலேயே அவளைப் பழக்கினேன். ‘வாடி’ என்றால் வருவாள், ‘நில்லு’ என்றால் நிற்பாள். பெற்ற மகள்கூட அந்த அளவுக்குச் சொன்ன பேச்சுக் கேட்க மாட்டாள்.

தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தோம். தீனி வைத்ததும் அண்ணன் அதைச் சுத்தியலால் தட்டுவான். செம்பி, இளங்குதிரை வாலு, நாங்கள் பெரியவர் என்று கூப்பிடும் கிழட்டுக் குதிரை, மூன்றும் எங்கே மேய்ந்தாலும் லாயத்துக்குள் ஓடி வந்து அதனதன் இடத்தில் நிற்கும்.

அன்று மதியம் மலைக்காடு பற்றிக்கொண்டது. குதிரைகளை ஏற்றிப் போக லாரி கிடைக்கவில்லை. தீயணைப்புக்காரர் போனில் கத்தினார்.

“லாயத்துல அடைக்காதீங்கம்மா, வெந்துடும். புல்லு இல்லாத இடத்துல அவுத்து விடுங்க. வெளிய விட்டதும் கதவைச் சாத்திடுங்க. பயந்துபோன குதிரை திரும்ப உள்ளதான் ஓடும்.”

குதிரைகளின் முகத்து நைலான் பட்டைகளைக் கழற்றினேன். சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வெறும் மண்ணாகக் கிடந்த கீழ் வயலில் மூன்றையும் விட்டுவிட்டு, லாயத்து மூலையில் அடைத்திருந்த ஆடுகளை விரட்ட உள்ளே ஓடினேன். கதவு திறந்தே இருந்தது.

“போய்த் தொலைங்கடி!” என்று கடைசி ஆட்டை வெளியே தள்ளும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டங், டங், டங்.

லாயத்துக் கூரையின் பின்பக்கம் தீப்பிடித்ததை அண்ணன் பார்த்திருக்கிறான். அவன் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. என்னை வெளியே வரவழைக்க, கைக்கு எட்டிய சுத்தியலால் தட்டிவிட்டான். பாவி. என்ன தட்டுகிறோம் என்று ஒரு நொடி யோசித்திருக்கக் கூடாதா?

புகைக்குள்ளிருந்து வாலுதான் முதலில் வந்தான். தடுக்கக் கை நீட்டுவதற்குள் என்னை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டான். அடுத்து செம்பி.

“நில்லு! நில்லுடி!”

நிற்கவில்லை. சாணி அள்ளும் மண்வெட்டி கையில் கிடைத்தது. மூக்கில் ஓங்கி அடித்தேன். முன்னங்கால்களைத் தூக்கி என் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஒற்றைக் கையால் திரும்ப அடித்தேன். காது கிழிந்தது. பல் தெறித்தது. இன்னும் முட்டிக்கொண்டு வந்தாள். கண்ணைப் பார்த்தே அடித்தேன். தெரிந்துதான் அடித்தேன். அலறிக்கொண்டு திரும்பி வயலைப் பார்த்து ஓடினாள். பின்னால் வந்த பெரியவரும் அவளோடு திரும்பி ஓடினார்.

முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். உள்ளே கூரை சரியத் தொடங்கியது. வாலு பலகையை உதைத்தான்.

“வாலு உள்ள இருக்கான்!” என்று அண்ணன் தாழ்ப்பாளைப் பிடித்தான்.

“தொறந்தா அவன் வரமாட்டான், அவங்க உள்ள போயிடுவாங்க!”

அண்ணன் கையை எடுக்கவில்லை. அவன் மணிக்கட்டிலும் ஒன்று போட்டேன். இருவரும் கதவில் சாய்ந்து நின்றோம். வாலு வெகுநேரம் உதைத்தான். அப்புறம் உதைக்கவில்லை.

கீழ் வயலில் ஈரக் கம்பளிக்கு அடியில் கிடந்தோம். நெருப்பு தாண்டிப் போயிற்று. வீடு தப்பியது. ஆடுகளும் பெரியவரும் செம்பியும் பிழைத்தார்கள்.

மாட்டு டாக்டர் செம்பியின் ஒரு கண்ணை எடுத்துவிட்டார். “எந்தப் படுபாவி இப்படி அடிச்சான்?” என்றார். “நான்தான்” என்றேன். அவர் நம்பவில்லை.

இப்போது அவள் அண்ணன் கையில் வாங்கித் தின்கிறாள். தண்டவாளத்தைத் தட்டியவன் கையில்! எனக்கு வயிறு எரிகிறது. என் குரல் கேட்டாலே கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிறாள், தையல் பிரிந்துவிடுகிறது. அதனால் அவளுக்கு மருந்து போடும் நேரத்தில் நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அண்ணன் வந்து “முடிஞ்சுது, வா” என்று கூப்பிடும்வரை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுகிறேன். சத்தம் அவளுக்குக் கேட்கக் கூடாது.