கழன்ற கயிறு

கறுப்பு அரைஞாண் கயிறு இடுப்புச் சதைக்குள் புதைந்து கிடக்கிறது, என் சுண்டுவிரல்கூட உள்ளே நுழையவில்லை, தம்பி சிணுங்குகிறான், அம்மா கயிற்றை அவிழ்த்துத் தளர்த்தி முடிந்துகொண்டே சிரிக்கிறாள், பாரேன், எம்புள்ள கயிறு பத்தாம வளந்துட்டான் என்கிறாள், சூளைப் புகை கண்ணைக் கரிக்கிறது, அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன். செங்கல் சூளையில் அப்பா மண் மிதிக்க, அம்மா கல் அறுக்க, தம்பி வேடியப்பனை நான் இடுப்பில் சுமந்து அலைந்த வருஷம் அது, காலையில் கஞ்சித் தண்ணீர், ராத்திரிக்கும் அதே தண்ணீர், ஊர்ப் பால்வாடியில் கிடைத்த முட்டையும் சூளைக்கு வந்ததோடு நின்றுபோனது, ஆனாலும் அவன் முகம் உப்பியது, பாதம் பணியாரம் போலப் புசுபுசுவென்று ஆனது, பக்கத்துக் குடிசை மாதம்மா அத்தை கன்னத்தைக் கிள்ளி, கஞ்சிக்கே இப்படிக் கொழுத்துட்டானே என்றதும் அம்மா பதறிப்போனாள், கொள்ளிக்கண்ணு என்று முணுமுணுத்து, உப்பும் மிளகாயும் சுற்றிச் சூளை நெருப்பில் போட்டாள், முடி செம்பட்டையானதற்குச் செங்கல் தூசியைத் திட்டினாள், விளையாடாமல் வைத்த இடத்திலேயே அவன் உட்கார்ந்திருந்ததைச் சமத்து என்றாள். சாமி, பட்டினிக்கு இப்படியும் ஒரு வேஷமா.

காய்ச்சல் கண்டு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது நர்சம்மா அவன் பாதத்தில் கட்டைவிரலை அழுத்தினாள், விழுந்த குழி மேலே எழும்பவே இல்லை, இது சதையில்லம்மா, சத்தில்லாம ஊறுன நீரு, வடிஞ்சா எலும்பு தெரியும், பயந்துடாத, அப்பறந்தான் சதை புடிக்கும் என்று பொறுமையாகத்தான் சொன்னாள், அம்மாவும் தலையாட்டினாள், மனசுதான் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பால் கொடுத்த சில நாளில் கண்ணெதிரிலேயே பிள்ளை கரைந்துகொண்டிருந்தான், முகம் கிழவன் முகமாகிவிட்டது, கொண்டாந்தப்ப கும்முனு இருந்தான், இவங்க ஊத்துற பாலு எம்புள்ளய உருக்குது என்று அவனை முந்தானையில் சுருட்டிக்கொண்டு வெளியே நடந்தாள், அன்றைக்குக் காலையில்தான் அவன் முதன்முதலாகக் கை நீட்டி, இன்னும் பாலு என்று கேட்டிருந்தான், நான் பின்னாலேயே ஓடி, நர்சம்மா சொன்னாங்கல்ல, இருந்துடலாம்மா என்றேன், பெத்தவ நானா அவளா என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

அந்தப் பஸ் இன்னும் என் தூக்கத்தில் ஓடுகிறது, ஜன்னலோரம் அவன் கை நீட்டுகிறான், நான் தம்ளரோடு ஓடுகிறேன், பால் சிந்திக்கொண்டே இருக்கிறது, திடுக்கிட்டு விழித்துப் பக்கத்தில் படுத்திருக்கும் என் மகளின் இடுப்புக் கயிற்றுக்குள் விரல் விட்டுப் பார்க்கிறேன், பாதத்தை அழுத்திப் பார்க்கிறேன், குழி விழவில்லை, கண்ணை மூடினால் மறுபடியும் அந்தச் சூளை, பஸ் இறங்கி வந்த சில நாளிலேயே தம்பி போய்விட்டான், சூளைக்குப் பின்னால் அவனுக்குக் குழி வெட்டி முடித்துவிட்டார்கள், போகிறவன் இடுப்பில் கயிறு இருக்கக் கூடாதாம், அப்பா அறுப்பதற்குக் கத்தி கொண்டுவருகிறார், கத்திக்கு வேலையே இல்லை, நான் தொட்டதும் கயிறு தொடையைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, பாதத்தையும் தாண்டித் தானாகவே கழன்று என் கைக்கு வந்துவிடுகிறது, அம்மா சிரித்துக்கொண்டே போட்ட முடிச்சு அதில் அப்படியே இருக்கிறது.