கொக்கியில் மாட்டிய துண்டு

ஜூன் முதல் தேதி, ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள நான்கு மாடி விடுதியின் எல்லாக் குளியலறைகளிலும் பச்சை அட்டை ஒட்டப்பட்டது. துண்டைக் கொக்கியில் மாட்டினால் அடுத்த நாளும் அதுவே. தரையில் போட்டால் சலவைக்குப் போகும். தண்ணீரைச் சேமிப்போம், நன்றி.

யோசனை அறைகளின் மேற்பார்வையாளருடையது. ஒருமுறை முகம் துடைத்த துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கீழே போவதைப் பார்த்து வயிறெரிந்து சொல்லிவிட்டாள். மேனேஜர் பாராட்டினார். பாராட்டிவிட்டு, "துணி பாதியா குறைஞ்சா சலவைக்கு சாயங்கால ஷிப்டே வேணாமே" என்றார். அந்த ஷிப்டில் இருந்தவள் அவளுடைய தங்கை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது எப்படி என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

ஆனால் மூட்டைகள் குறையவில்லை. "உன் அட்டைய ஒருத்தரும் படிக்கலக்கா. நல்லா இருக்கட்டும் அந்த சோம்பேறிங்க" என்று சாப்பிடும்போது தங்கை சிரித்தாள்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "தண்ணி பில்லு ஏறியிருக்கும்மா. ஏறியிருக்கு! பசுமைச் சான்றிதழுக்கு ஆளுங்க பாக்க வர்றாங்க. அவங்க முன்னாடி நான் டவல் பிழிஞ்சு காட்டவா?"

குறையாததைக்கூட ஒப்புக்கொள்ளலாம், ஏறியது எப்படி? குழாய்களைப் பார்த்துக்கொண்டே போனவள் மூன்றாம் மாடியில் நின்றாள். எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் துப்புரவுப் பெண், கொக்கியில் ஒழுங்காகத் தொங்கிய துண்டை எடுத்துக் குழாயில் நனைத்து, பிழிந்து, தரையில் போட்டாள்.

"என்னடி பண்ற?"

நெட்டை திடுக்கிட்டு நிமிர்ந்ததில் ஷவர் தலையில் இடித்தது. "காஞ்சது போனா கீழ சந்தேகப்படுவாங்கக்கா."

"தண்ணிய மிச்சம் பிடிக்கத்தானே அட்டையே! நீ துவைக்கறதுக்கு முன்னாடியே ஒருவாட்டி துவைக்கிற. கூறு இருக்கா உனக்கு?"

"எனக்கா கூறு இல்ல? கீழ ஷிப்ட மூடினா அந்த ஆளுங்கள மேல அனுப்புவாங்க. மேல கடைசியா சேர்ந்தவ நான். உங்க தங்கச்சி வந்தா யாரு போவா?" தலையைத் தடவிக்கொண்டாள். "நீங்களும் தெரிஞ்சேதான் சும்மா இருக்கீங்கன்னு நெனச்சேன்."

யார்மேல் எரிந்து விழுவது என்று மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை. அட்டை சொன்னதில் பொய் இல்லை. மேனேஜர் கணக்கும் தப்பில்லை. இந்த நெட்டைக்குமா இவ்வளவு சரியாக யோசிக்கத் தெரிய வேண்டும்? சும்மா இருந்தால் அடுத்த பில்லில் தன் வேலை போகும். வாயைத் திறந்தால் இவள் வேலை. தங்கைக்கு மட்டும் எப்படியும் ஓர் இடம் உண்டு. அது நினைவுக்கு வந்த வேகம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கினாள்.

"நாளையிலேர்ந்து நனைக்காத."

"நனைக்காம போடட்டுமா?"

"மாட்டியிருந்தா மாட்டினபடியே இருக்கட்டும்."

நெட்டை ஈரத் துண்டை எடுத்து, உதறி, கொக்கியில் மாட்டினாள்.

ஆகஸ்டில் சான்றிதழ் வந்தது. வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டினார்கள். சாயங்கால ஷிப்ட் மூடப்பட்டு, தங்கை மூன்றாம் மாடிக்கு வந்தாள். புதுச் சீருடைக்கு மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. இருப்பதை மறுபடி பயன்படுத்துவதுதானே பசுமை என்றார். நெட்டையின் கால்சட்டையை இரண்டு மடிப்பு மடித்து, ஊக்கு குத்திக்கொண்டு, தங்கை வண்டியைத் தள்ளிக்கொண்டு முதல் அறைக்குள் போனாள்.