கியெமின் போணி

கியெம் வருவதற்குள் பானையை அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். பல வருஷமாக முயியின் காலைப்பொழுது அதை வைத்துத்தான் நடந்தது.

பியென் ஹோவா நகரத்தில், செருப்புத் தொழிற்சாலைக்குப் போகும் சாலையில், தொழிலாளிகளின் வாடகை அறைகள் நெருக்கியடிக்கும் சந்து முனையில் அவள் தள்ளுவண்டி நிற்கும். ஒட்டரிசியைப் பாசிப்பருப்போடு ஆவியில் வேகவைத்து, வாழையிலையில் வைத்து, தேங்காய்த் துருவலும் எள்ளுப்பொடியும் தூவி மடித்துக் கொடுப்பாள். பைக் டாக்சி ஓட்டும் கியெம் விடிவதற்கு முன்பே வந்துவிடுவான். பேரம் பேசமாட்டான், சில்லறைக்கு அலையவிடமாட்டான். அவன் போணி செய்தால் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் கூட்டமாக வந்து பானையைக் காலி செய்வார்கள் என்று அவள் நம்பினாள். அதை அவனிடமே சொல்லியும் இருக்கிறாள்.

கியெமின் மனைவி நோயில் படுத்து இறந்துபோனாள். காரியங்கள் முடிந்து அவன் திரும்பி வந்த காலையில், சட்டைப் பையின் மேல் துக்கத்துக்கான சின்னக் கறுப்புத் துணி குத்தியிருந்தது. முயி தேங்காயை அள்ளிப் போட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல், "சாப்பிடு தம்பி" என்றாள்.

அன்றைக்கு விடாத மழை. பாதிப் பானை அப்படியே மிஞ்சியது. பக்கத்தில் முக்காலி போட்டு லாட்டரிச் சீட்டு விற்கும் ஹுவே பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, துக்கத்துல இருக்கறவன் கையால போணி பண்ணுவாங்களா?"

"பாவம்க்கா அவன்."

"பாவந்தான். யாரு இல்லைன்னா? ரெண்டாவதா வாங்கட்டும், ஓசியிலகூட குடு. முதல்ல வேணாம். நான்கூட அவன் போற வரைக்கும் சீட்டுக் கட்டை மடியிலேருந்து எடுக்கல, பாத்தியா?"

மறுநாள் அவன் வாங்கிக்கொண்டு நகர்ந்ததும் முயி ஒரு துண்டுச் செய்தித்தாளைக் கொளுத்திப் பானையைச் சுற்றினாள். பீடை போக எல்லாக் கடையிலும் செய்வதுதான். தலை நிமிர்ந்தபோது அவன் சாலைத் திருப்பத்தில் நின்று ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தான். பார்த்தானா இல்லையா என்று தெரியவில்லை. நெருப்பைச் செருப்புக் காலால் மிதித்து அணைத்தாள். இனி இதைச் செய்யக்கூடாது என்று நினைத்தாள். அவன் மனம் நோகும். அதைவிடத் தான் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டால், அவன் சவாரிக்குப் போயிருப்பான். யாருக்கும் வருத்தமில்லை.

அதை அவள் இரக்கம் என்றே நம்பினாள். "தம்பி, கொஞ்ச நாளைக்கு ரெண்டாவதா வாங்கிக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே.

முதல் நாள் வெளிச்சம் வந்தபிறகு போனாள். யாரோ ஒரு டீச்சரம்மா போணி செய்தாள். நன்றாக விற்றது. எப்படியும் விற்றிருக்கும் நாள்தான் அது. ஆனால் கியெம் போணி செய்யாததால்தான் விற்றது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. அடுத்த நாள் தூரத்திலிருந்தே கியெமின் பைக் தெரிந்தது. வண்டியைப் பக்கத்துச் சந்துக்குள் திருப்பி, சுவரோரம் நின்றாள். பானையில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. அவன் பைக் கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தபோது தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அந்தப் பெண்கள் வெறும் வயிற்றோடு உள்ளே போயிருப்பார்கள்.

"அக்கா, உங்க கடைக்கு ஜோசியம் பார்த்துட்டுத்தான் வரணும் போல!" என்றாள் அவர்களில் ஒருத்தி, சில நாள் கழித்து வேலை முடிந்து வரும்போது சந்தில் அவளைப் பார்த்து.

"அரிசி வேகலடி, என்ன பண்ண?"

"நேத்து அடுப்பு பத்தலைன்னீங்க. நாளைக்கு என்ன, பானை ஓடிப்போச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். முயியும் சிரித்தாள். "நாளைக்குக் கண்டிப்பா இருப்பேன்" என்றாள்.

இருக்கவில்லை. தாமதமாக எழுவதற்கு உடம்பு பழகிவிட்டது. ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் தூறல். கியெம் காரணம் என்பதுகூட மறந்துபோய், காரணமே தேவைப்படாமல் போனது. சோறு மிஞ்சியதால் குறைவாக வேகவைத்தாள். குறைவாக இருந்ததால் நேரம் கழித்து வந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை. எதிர்ப்பக்கம் ஒருத்தி ரொட்டி வண்டி போட்டாள். அவள் விடிவதற்கு முன்பே நின்றாள், மழையிலும் நின்றாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் ஹுவே தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

"கோவிச்சுக்காத முயி. கூட்டம் இருக்கற இடத்துலதான சீட்டு விக்கும்?"

"நீ சொல்லித்தானக்கா எல்லாம்..."

"நான் அவன் கையால போணி பண்ணாதேன்னேன். கடையையே தொறக்காதேன்னா சொன்னேன்?"

முயி முக்காலி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் பழைய நேரத்துக்கே போனாள். இருட்டில் அடுப்பை மூட்டிப் பானையை ஏற்றினாள். தெருவிளக்குக்கு அப்பால், சாலையின் மறுபுறம், கியெம் பைக் மேல் உட்கார்ந்திருந்தான். அவள் பானையை இறக்கிய பிறகும் எழுந்து வரவில்லை.

"தம்பி! வா, சூடா இருக்கு."

"வரேன்க்கா. யாராவது ஒருத்தர் வாங்கட்டும்."

அவள் கை இலைமேல் அப்படியே நின்றது.

"நீதான் முதல்ல வாங்கணும்."

"வேணாம்க்கா. எங்கம்மாவும் கடை வெச்சிருந்தாங்க, எனக்கு இதெல்லாம் தெரியாதா? அன்னிக்கே நானாத் தள்ளி நின்னிருக்கணும். இருந்த நிலைமைல மனசுல எதுவும் ஓடல. உங்களைச் சங்கடப்படுத்திட்டேன்."

அவன் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். திருப்பிச் சொல்லவும் ஏதாவது கிடைத்திருக்கும்.

"நீ... தினமும் இங்க வந்தியா?"

"வருவேன். நீங்க எப்ப வருவீங்கன்னு தெரியாதே. கொஞ்ச நேரம் பாத்துட்டு, சவாரி வந்தாப் போயிடுவேன்."

தொழிற்சாலைப் பெண்கள் வந்தார்கள். பேசிக்கொண்டே ரொட்டி வண்டியைச் சூழ்ந்தார்கள். ஒருத்திகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் இருப்பாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? முயி ஒரு பொட்டலத்தை மடித்து எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். அவளைப் பார்த்ததும் கியெம் பைக்கைக் காலால் உந்திச் சற்றுப் பின்னால் தள்ளினான்.

"கொண்டு வராதீங்கக்கா. இன்னும் போணி ஆகல."

"ஆகாட்டிப் போகட்டும்."

அவன் போன் ஒலித்தது. சவாரி. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

"நாளைக்கு வருவியா?" என்று கேட்டாள்.

"வரேன்க்கா," என்றான். வண்டியைத் திருப்பினான். "நீங்க இருந்தா."

குத்தலாகச் சொல்லவில்லை, அது அவளுக்குத் தெரிந்தது. இருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள். இந்த மாதங்களில் அதையேதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அவன் போனபிறகு, கையில் சூடு ஆறிக்கொண்டிருந்த பொட்டலத்தோடு, யாருமில்லாத வண்டிக்குத் திரும்பி நடந்தாள்.